வேட்டி நழுவும் அரக்கன்

என் மகள் பெங்களூரில் வீடியோ கேம் செய்கிற கம்பெனியில் வேலை பார்க்கிறாள். நகரி ஊரில் விசைத்தறி ஓட்டும் என்னிடம் யாராவது கேட்டால், கம்ப்யூட்டர் வேலை என்பதோடு நிறுத்திக்கொள்வேன். ஒரு புரட்டாசி சனிக்கிழமை தளிகைக்கு அவள் வந்திருந்தபோதுதான் அந்த வேலையைக் கண்ணால் பார்த்தேன்.

பெருமாளுக்குப் படைத்துச் சாப்பிட்டு முடித்ததும் லேப்டாப்பைத் திறந்தாள். பொத்தான்கள் வைத்த ஒரு பிடியை என் கையில் கொடுத்தாள்.

"நைனா, ஒருவாட்டி ஆடிப் பாரு."

திரையில் கோமாளி மாதிரி ஒரு வீரன். அவன் ஆயுதம் ஒரு கரண்டி. எதிரே மலைபோல் ஓர் அரக்கன், தோளில் கதாயுதம். மூச்சு விட்டால் தொப்பை ஏறி இறங்கியது. காலை ஊன்றினால் புழுதி பறந்தது. எட்டு மாதம் உட்கார்ந்து இவனை அசைய வைத்தது என் பெண். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. பெருமாளே, இந்தக் கைக்கு இதை யார் கொடுத்தது?

"புதுசா ஆட்றவங்களால இவன ஜெயிக்கவே முடியலன்னா, கேம்ல இருந்தே எடுத்துடுவாங்க நைனா. திங்கக்கெழம சொல்லிடுவாங்க."

அதனால் பயபக்தியோடு ஆடினேன். அரக்கன் மூன்று தரம் கதையைச் சுழற்றுவான். மூன்றாவது சுழற்றலில் வேட்டி நழுவும். ஐயையோ என்று கதையைக் கீழே போட்டுவிட்டு இரண்டு கையாலும் கட்டுவான். கட்டி முடித்ததும் கதையை எடுத்து என் முதுகிலேயே போடுவான். ஏழெட்டு முறை செத்தேன்.

"தறி ஓட்ற கை, ராட்சசன்கிட்ட நல்லா ஒதை துன்னுது" என்றாள் என் மனைவி, பாத்திரம் ஒழித்துக்கொண்டே.

மகள் மட்டும் சிரிக்கவில்லை. "அவன் வேட்டி கட்டும்போது நீ எதுக்கு நைனா திரும்பி நிக்கற? அப்பதான அடிக்கணும். அதுக்குத்தான் வேட்டியே நழுவ வெச்சேன்."

"துணி நழுவிக் கட்டிக்கினு இருக்கறவன எப்பிடிம்மா அடிக்கிறது?"

"அவன் அரக்கன் நைனா."

"இருக்கட்டும். சபையில துணியில கை வெச்சதாலதான பாரதமே வந்துது."

வருஷம் தவறாமல் திரௌபதி அம்மன் கோயிலில் காப்புக் கட்டிக்கொண்டு பாரதம் கேட்கிறவன் நான். நெய்கிறதும் துணி. என் கை அந்தப் பொத்தானை அழுத்த மறுத்தது. பெண்ணின் எட்டு மாத உழைப்பு போய்விடும் என்று தெரிந்தும் கை போகவில்லை.

அவள் லேப்டாப்பை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். கோபித்துக்கொண்டாள் என்றே நினைத்தேன்.

மறுநாள் மாலை, பெங்களூர் ரயிலுக்காக ரேணிகுண்டாவுக்குப் பஸ் ஏறப் போகுமுன் பிடியை மறுபடி கொடுத்தாள். "ராத்திரி ஒண்ணு சேத்தேன், அரகொறதான். ஆடு."

வேட்டி நழுவியது, திரும்பி நின்றேன். உதை வாங்கினேன். இரண்டாம் முறையும் அப்படியே. மூன்றாம் முறை உதை விழவில்லை. வீரனைத் திருப்பிப் பார்த்தேன். வேட்டியை இறுக்கிக் கட்டிய அரக்கன், கதையைத் தொடாமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். அவ்வளவு பெரிய உடம்பை வளைத்துக் குனிந்து கைகூப்பினான். ஓரமாக விலகி வழி விட்டான்.

பிடியைக் கீழே வைத்துவிட்டு நானும் கைகூப்பினேன்.

"இன்னா, ராட்சசனப் போயி கும்புட்றீங்க?" என்றாள் மனைவி.

திங்கட்கிழமை தறியில் இருக்கும்போது போன் வந்தது.

"அவன வெச்சிக்கினாங்க நைனா."

"அடிச்சி ஜெயிக்கிறதா, திரும்பி நிக்கிறதா?"

"ரெண்டும் இருக்கு." அவளே தொடர்ந்தாள். "இங்க புதுசா சேந்த பொண்ணு ஒண்ணு ஆடுச்சி. யாரும் சொல்லல. அதுவா திரும்பி நின்னுது."

போனை வைத்துவிட்டு, நெய்துகொண்டிருந்த துணியை ஒருமுறை தடவிவிட்டுத் தறியை ஓட்டினேன்.