இன்று யார் பாடு?

இரண்டு முறை தோற்றிருந்தேன். பொன்னேரியில் பட்டம் வாங்கியவள். இங்கிலீஷில் எழுதச் சொன்னால் நாலு பக்கம் எழுதுவேன். வாயைத் திறந்தால்தான் வம்பு. சென்னையில் ஒரு மருத்துவமனையில் நோயாளிகள் செய்யும் போனை எடுத்து இங்கிலீஷில் பேசும் வேலைக்கான தேர்வு அது. “ஒரு சொல்லுல இருக்கற எல்லாத் துண்டையும் ஒரே மாதிரி அடிச்சுச் சொல்றீங்க மேடம்” என்று குரல் தேர்வு வைத்தவர் இரண்டு முறையும் திருப்பி அனுப்பிவிட்டார். மூன்றாவதுதான் கடைசி, அதற்குமேல் கூப்பிட மாட்டார்கள்.

தேர்வுக்கு முந்தின வாரம், எறா உரித்துக்கொண்டே சத்தமாகப் பழகினேன். “போ, டோ, கி, ரா, பர்.” நாலு துண்டுச் சொல்லை ஐந்தாக்கி, ஐந்துக்கும் ஒரே அடி. அன்று ஏரியில் வலை போட முறை இல்லாமல் வீட்டில் கிடந்த என் வீட்டுக்காரர் சிரித்தார்.

“இன்னாமே இது? அல்லாரையும் ஒரே நாள்ல எறக்கி உட்டா சண்ட வராதா? இன்னிக்கு யாரு பாடு?”

எங்கள் ஏரியில் பாடு என்றால் முறை. நல்ல மீன் ஓடும் இடத்தில் ஒரு நாளைக்கு ஒரு கூட்டம்தான் வலை கட்டலாம். மற்றவர்கள் கரையில் இருக்க வேண்டும். மறுநாள் பாடு வேறு கூட்டத்துக்குப் போகும்.

அவர் கிண்டலுக்குத்தான் கேட்டார். எனக்குப் பொட்டில் அடித்த மாதிரி இருந்தது. கையைக் கழுவிவிட்டு அகராதியை எடுத்தேன். ஒரு சொல்லில் ஒரு துண்டைத்தான் அழுத்திச் சொல்ல வேண்டும். போட்டோகிராப்: முதல் துண்டின் பாடு. போட்டோகிராபர்: இரண்டாவது. போட்டோகிராபிக்: மூன்றாவது. வால் மாறினால் பாடும் மாறுகிறது! அழுத்த வேண்டிய துண்டைக் காட்டி அகராதியில் சொல்லுக்குள் நிற்கும் சின்னக் கோடு எதற்கென்று இத்தனை நாள் யோசிக்காத என் மேலேயே எரிச்சல் வந்தது.

தேர்வில் முதல் சொல்லே ‘ரெஸ்பான்சிபிலிட்டி’. ‘ரெஸ்பான்சிபிள்’ என்றால் ‘பான்’ பாடு. ‘இட்டி’ என்று வால் ஒட்டினால், அதற்கு முன்னால் நிற்பதன் பாடு. ‘பில்’லை மட்டும் இறக்கினேன், மற்றதையெல்லாம் கரையில் உட்காரவைத்தேன். தேர்வு வைத்தவர் நிமிர்ந்து பார்த்தார். “இன்னொரு தடவை சொல்லுங்க.” சொன்னேன். அப்புறம் இருபது சொல் கேட்டார். இரண்டில் சறுக்கினேன். பரவாயில்லை, ஒன்றாம் தேதி வரச் சொல்லிவிட்டார்.

ரயில் நிலையத்தில் உட்கார்ந்து வீட்டுக்குப் போன் செய்தேன். நிம்மதியில் அழுகைதான் வந்தது. அவர் பதறிப்போய்விட்டார்.

“இன்னா ஆச்சு? இந்த வாட்டியும் பூட்ச்சா?”

“இல்லய்யா” என்றேன். “இன்னிக்கு நம்ம பாடு.”