பசியோடு பிடித்த தன்சல் கொடி

வெசாக் பண்டிகைத் தன்சலில் நான் கொடி பிடித்து நிற்கும் படத்தைப் பார்த்து, இன்று பகல் முழுவதும் "சேவைச் செம்மல்" என்று வாழ்த்திய நண்பர்களுக்கு ஒரு விளக்கம்.

ஓப்பநாயக்கவிலிருந்து றக்வானவுக்குச் சைக்கிளில் கிளம்பியவன் நான். பசிக்கும் முன்பே சாப்பிட வேண்டும் என்பது நெடுந்தூரம் ஓட்டுகிறவர்களின் பாலபாடம். ஆனால் வழியெல்லாம் தன்சல் வைத்துச் சும்மா சோறு போடும் நாளில் பையில் வாழைப்பழம் எதற்கு என்று விட்டுவிட்டேன்.

ஏற்றத்தில் கை நடுங்கியது, கண் இருட்டியது. முதலில் தெரிந்த தன்சல் கொட்டகையில் போய்ச் சாய்ந்தேன்.

"சோறு இன்னும் வேகல தம்பி," என்றார் அடுப்படியில் நின்ற தேயிலைத் தோட்டத்து அக்கா. "சும்மாதான இருக்கீங்க, இந்தக் கொடியக் காட்டி பஸ்ஸ நிப்பாட்டுங்க."

பாலில்லாத பிளேன்டீ கொடுத்தார். சீனி இன்னும் வந்து சேரவில்லையாம்; கை நடுக்கம் நிற்கவில்லை.

சோறு வெந்தது. நான் நிறுத்திய பஸ்ஸிலிருந்து எல்லோரும் இறங்கிச் சாப்பிட்டார்கள். நானும் ஒரு தட்டை எடுத்தேன்.

"கொடி புடிக்கிறவங்க, பரிமாறுறவங்க எல்லாம் கடைசியிலதான் தம்பி. வந்தவங்க மொதல்ல சாப்பிடட்டும்."

அப்போதுதான் என் சைக்கிள் கூட்டாளி ரவி வந்தான். இரண்டு தட்டு சாப்பிட்டான். "அண்ணே, ஒங்களுக்குப் பெரிய மனசு" என்று அந்தப் படத்தை எடுத்துப் போட்டுவிட்டுப் போனான்.

எனக்குக் கிடைத்தது அண்டாவின் அடியில் ஒட்டியிருந்த காந்தல்.

"கொடி என்ன அழகாகப் பறக்கிறது" என்று எழுதியவருக்கு மட்டும் சொல்கிறேன்: அங்கே காற்றே இல்லை.