அபிசீனியாவுக்காக உயராத கைகள்

பவளம் அன்ரியின் அழைப்பு வந்தபோது நார்த்மீட்டில் என் வீட்டுக் குசினியில் நின்றுகொண்டிருந்தேன். "பிள்ளை, யோகநாதன் மாஸ்டர் மோசம் போயிட்டார். விடியக்காலமையாம்," என்றார். அடுப்பை அணைத்தேன். அதற்குமேல் என்ன செய்வதென்று தெரியவில்லை. மாஸ்டரின் மரணத்தைச் சொல்லி அழ அவருக்கென்று ஓர் உறவும் இல்லை. அதனால் அவரை அறிந்த நம் வாசகர் வட்டத்து உங்களுக்கெல்லாம் எழுதுகிறேன்.

கிளிநொச்சியில் உயர்தர வகுப்புக்கு வரலாறு படிப்பித்தவர் அவர். போர் நெருங்கியபோது அங்கிருந்த வெளிநாட்டு உதவிப் பணியாளர்கள் வெளியேற ஆயத்தமானார்கள். அவர்கள் இருந்தால் உலகம் பார்த்துக்கொண்டிருக்கும் என்று நம்பிய சனம், போகவேண்டாமென்று அவர்களின் அலுவலக வாசலில் நின்று மன்றாடியது. மாஸ்டரும் மனைவி, மகளோடு நின்றார். வாகனங்கள் போய்விட்டன. சில மாதங்களில் மனைவியும் மகளும் ஒரே பதுங்குகுழிக்குள் இறந்துபோனார்கள். மாஸ்டர் படகேறி அகதியாக இந்த நாட்டுக்கு வந்து சேர்ந்தார். கடைசிவரை தற்காலிக விசாதான்.

எங்கள் வாசகர் வட்டத்தில் அவர் நடத்திய 'ஜெனீவாக் கூட்டம்' உங்களுக்கு நினைவிருக்கும். முதலாம் உலகப் போருக்குப் பின், இனிப் போரே வேண்டாம் என்று நாடுகள் கூடி ஜெனீவாவில் ஒரு சங்கம் அமைத்தன அல்லவா, அதன் கதை. லிட்கம் மண்டபத்தில் கதிரைகளை வட்டமாகப் போட்டு ஒவ்வொன்றிலும் ஒரு நாட்டின் பெயரை ஒட்டுவார். முதலில் ஜப்பான் படையெடுத்துப் பிடித்த மஞ்சூரியாவைச் சொல்வார். சங்கத்தின் விசாரணைக் குழு அறிக்கை எழுதி முடிப்பதற்குள் ஜப்பான் அங்கே ஒரு பொம்மை அரசையே அமைத்துவிட்டது. பிறகு அபிசீனியா, சங்கத்தில் சேர்ந்திருந்த ஓர் ஏழை நாடு. இத்தாலி படையெடுத்துவிட்டது, சங்கம் கண்டித்துவிட்டது, சில பொருட்களுக்குத் தடையும் போட்டுவிட்டது. எண்ணெய் மட்டும் தடையில் இல்லை. எண்ணெய் நின்றால் விமானங்கள் பறக்காது. நிறுத்துவீர்களா என்று கேட்பார்.

வரலாற்றில் நடந்தபடி நடிக்கத் தேவையில்லை, உங்கள் மனச்சாட்சிப்படி கை உயர்த்துங்கள் என்பதுதான் அவருடைய ஒரே விதி. "ஒருக்காலாவது நிப்பாட்டுங்கோ பாப்பம்," என்று சிரித்துக்கொண்டுதான் சொல்வார். அது சிரிப்பில்லை என்று எனக்குத் தெரியும். ஒருமுறையாவது ஒரு கூட்டம் ஓர் ஊரைக் காப்பாற்றுவதைக் கண்ணால் பார்க்க வேண்டும் அவருக்கு.

போன வருடம் நான் அபிசீனியா. ஆகாயத்திலிருந்து நச்சுவாயு கொட்டுகிறது, ஆற்று நீரும் ஆடுமாடுகளும் நஞ்சாகிவிட்டன என்று சொல்லிக் கெஞ்சினேன். பிரித்தானியாவின் கதிரையில் கெல்லிவில்லிலிருந்து வரும் செந்தில் இருந்தார். "நிறுத்தலாம்ங்க, எனக்கு மறுப்பில்ல. ஆனா நாம நிறுத்தினாலும் சங்கத்துல இல்லாத அமெரிக்காக்காரன் விப்பானே? அவங்களையும் கேட்டுட்டு முடிவு பண்ணலாமே," என்றார். பிரான்ஸின் கதிரையில் பவளம் அன்ரி. மாஸ்டரின் வீட்டாரைக் கொன்ற அதே போரில் தம்பியை இழந்தவர். "இத்தாலியை இப்ப பகைச்சால், நாளைக்கு ஜேர்மன்காரன் வாசல்ல வந்து நிக்கேக்குள்ள எங்களுக்கு ஆர் துணை? முதல் எங்கட வீட்டைப் பாப்பம்," என்றார்.

அதற்குள் மண்டபத்தை அடுத்து வாடகைக்கு எடுத்தவர்கள் பிறந்தநாள் பலூன்களோடு கதவடியில் வந்து நின்றுவிட்டார்கள். நம் ஆட்களின் பழக்கம் தெரியும்தானே. கோயிலானாலும் தமிழ்ப் பள்ளிக்கூடமானாலும், சிக்கலான விசயம் என்றால் அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிவிட்டுத் தேநீருக்கு எழும்புவோம். யாரோ அதைத்தான் சொன்னார்கள். தள்ளிவைப்பதற்கு, என்னைத் தவிர உங்கள் எல்லோர் கைகளும் உயர்ந்தன. எனக்குக் கத்த வேண்டும்போல் இருந்தது.

மாஸ்டர் கதிரைகளை மடித்து அடுக்கத் தொடங்கினார். "அங்கையும் இப்பிடித்தான் பிள்ளை. அபிசீனியா அழியட்டும் எண்டு ஒருத்தரும் சொல்லேல்லை. பிறகு பாப்பம் எண்டுதான் சொன்னவை. அந்தப் பிறகு வரேக்குள்ள நாடே இல்லை," என்றார். அதன்பின் அவர் அந்தக் கூட்டத்தை நடத்தவில்லை.

நோயில் விழுந்த அவரை ஆஸ்பத்திரியில் பார்க்கப் போனபோது, "அது ஒரு விளையாட்டுத்தானே மாஸ்டர்," என்று சமாதானம் சொன்னேன்.

"விளையாட்டில கூட ஏலாமப் போச்சே," என்றார். சற்று மூச்சு வாங்கிவிட்டுத் தொடர்ந்தார். "எங்களை விட்டிட்டுப் போன வாகனத்துக்குள்ள ஒரு வெள்ளைக்காரப் பெட்டை இருந்தவள். அழுதுகொண்டுதான் போனவள். அவள் கெட்டவள் இல்லை. பவளமும் கெட்டவ இல்லை. கெட்டவனெண்டால் எதிர்த்து நிக்கலாம். நல்ல சனத்தைப் பற்றி நான் ஆரிட்டப் போய் முறையிட?"

மாஸ்டரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்தக் கேள்வி ஒன்றுதான். அதில் ஆறுதல் இருப்பதாக எழுதினால் அது பொய். அவரது இறுதிச் சடங்குக்கு நீங்கள் எல்லோரும் வந்திருந்தீர்கள். வேலைக்கு லீவு போட்டு, சமைத்துக் கொண்டுவந்து, பெட்டியைத் தோளில் சுமந்து, மனம்விட்டு அழுதீர்கள். எத்தனை நல்லவர்கள் என்று பார்த்துக்கொண்டே நின்றேன். எனக்கு அப்போதுதான் அழுகை வந்தது.