முளைப்பாரிக்கு நிறுத்திய பௌடர்

ராக்கையாவைப் பற்றி ஊரில் யாரும் பெருமையாகப் பேசியதில்லை. தண்ணீர் வராத அன்றைக்கு மட்டும் ஞாபகத்துக்கு வருகிற ஆள் அவர். போடியிலிருந்து குரங்கணி போகிற ரோட்டில், மலை தொடங்குவதற்குச் சற்று முன்னால் இருக்கிற சின்ன ஊர். அங்கே பத்தொன்பது வருசமாக மேல்நிலைத் தொட்டிக்கு அவர்தான் ஆள். காலையில் மோட்டார் போடுவது, பிளீச்சிங் பௌடரைக் கரைத்துத் தொட்டியில் ஊற்றுவது, தெருத்தெருவாக வால்வு திறப்பது, கடைசியில் நோட்டில் எழுதுவது. இதுதான் சோலி.

அந்த நோட்டு மீது அவருக்கு ஒரு கர்வமே உண்டு. குழாய்த் தண்ணீரைச் சின்னக் கண்ணாடிக் குப்பியில் பிடித்து மருந்து சொட்டினால், பௌடர் இருக்கிற தண்ணீர் மஞ்சளாகும். எவ்வளவு மஞ்சள் என்று பார்த்து எண்ணை எழுத வேண்டும். புள்ளி இரண்டுக்குக் குறையக் கூடாது. ராக்கையாவின் நோட்டில் ஒருநாளும் குறைந்ததில்லை. எப்படிக் குறையும்? தொட்டிக்கு நேர் கீழே, பௌடர் குறையாமல் வருகிற குழாயில்தான் அவர் சோதிப்பார், அதுவும் திங்கட்கிழமை மட்டும். மற்ற ஆறு நாளையும் அன்றைக்கே எழுதி முடித்துவிடுவார். அச்சடித்த மாதிரி கையெழுத்து. மேலிருந்து வருகிற அதிகாரிகள் புரட்டிப் பார்த்து, "நோட்டுன்னா இப்படி இருக்கணும்" என்று சொல்லிவிட்டு டீ குடித்துவிட்டுப் போவார்கள். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று அவர்களும் சொன்னதில்லை, இவரும் நினைத்ததில்லை.

பங்குனித் திருவிழாவுக்கு முளைப்பாரி போடுகிற ஊர் அது. இருட்டறையில் பத்து நாள் பயறு முளைக்க வைத்து, பெண்கள் தலையில் சுமந்து அம்மனுக்குக் கொண்டு போவார்கள். பயிர் ஓங்கி வளர்ந்தால் வீட்டுக்கு நல்லது, கருகினால் ஆகாது. கிணறு வற்றியதிலிருந்து பாரிக்கும் குழாய்த் தண்ணீர்தான். போன வருசம் பாதிப் பாரி நுனி கருகிப்போனது. பௌடர்தான் காரணம் என்று பெண்கள் முடிவு கட்டிவிட்டார்கள்.

இந்த வருசம் விரதம் பிடித்தவர்களில் ராக்கையாவின் அக்கா ஜக்கம்மாளும் ஒருத்தி. அவள் மகள் அனுப்பிரியா கல்யாணமாகி ஏழு வருசம் கழித்து உண்டாகி, வளைகாப்பு முடிந்து கீழத்தெருவில் தாய் வீட்டுக்கு வந்திருந்தாள். சுகப்பிரசவம் ஆக வேண்டும் என்று நேர்த்திக்கடன்.

"தம்பி, பத்து நாளைக்கு மட்டும் அந்தப் பௌடரப் போடாத. பிள்ளத்தாச்சிக்காகக் கேக்குறேன்."

"கீழத்தெரு பைப்பு சாக்கடைக்குள்ள கெடக்குக்கா. ஜாயிண்டு வேற ஒழுகுது. பௌடரு இல்லாம விடக்கூடாது."

"பத்து நாள்ல என்னடா ஆயிரப்போகுது? பாரி கருகிச்சுன்னா நான் எங்க போயி அழுவேன்?"

தாய்மாமன் மனசு. ஒத்துக்கொண்டார். தண்ணீரை வாயகன்ற அண்டாவில் ஒருநாள் திறந்து வைத்திருந்தாலே பௌடர் வாடை போயிருக்கும், பயிருக்கும் ஒன்றும் ஆகியிருக்காது. பத்தொன்பது வருசம் தொட்டியோடு கிடந்தவருக்கு அது தெரியாதா? தெரியும். அன்றைக்குத் தோன்றவில்லை.

பாரி முழங்கை உயரத்துக்கு வளர்ந்தது. ஊரே ஜக்கம்மாள் வீட்டுப் பாரியைத்தான் பேசியது. நோட்டில் அந்தப் பத்து நாளும் புள்ளி இரண்டு.

ஒன்றரை மாதம் கழித்துக் கீழத்தெருவில் மஞ்சள்காமாலை வந்தது. முதலில் ஏலத்தோட்டத்துக்கு ஜீப்பில் போகிற சின்ராசு, அடுத்தடுத்து இன்னும் ஒன்பது பேர். சுகாதார ஆய்வாளர் நிலவன் வந்து குழாயில் சோதித்தார். திருவிழா முடிந்ததும் பௌடர் பழையபடி போய்க்கொண்டிருந்ததால் குப்பி நல்ல மஞ்சளாக இருந்தது. நோட்டையும் புரட்டினார்.

"நோட்டு சுத்தமாத்தான் இருக்குண்ணே. ஆனாலும் கேக்குறேன், மறைக்காமச் சொல்லுங்க. இந்த ரெண்டு மாசத்துல எப்பவாச்சும் பௌடர் நிறுத்துனீங்களா? இது தண்ணியில வந்த காமாலைன்னா, மாசமா இருக்குறவங்க உசுருக்கே ஆபத்து. அப்படின்னா இன்னைக்கே அவங்க எல்லாரையும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிருவேன்."

ராக்கையா நோட்டை வாங்கி மூடினார். சொன்னால் வேலை போகும். அக்கா பேரும் சந்தி சிரிக்கும். அனுப்பிரியாவைக் காலையில்தான் பார்த்துவிட்டு வந்தார். இரண்டு நாளாக வாந்தி என்றாள், ஆனால் கண் வெள்ளையாகத்தான் இருந்தது. பிள்ளைத்தாச்சிக்கு வாந்தி இல்லாமலா என்று தன்னைத்தானே சமாதானப்படுத்திக்கொண்டார்.

"இல்ல சார். ஒருநாளும் நிறுத்தல."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாயிற்று. நிலவன் நோட்டை நம்பினார். பஸ் நிறுத்தத்துச் சர்பத் கடையின் மேல் சந்தேகம் என்று எழுதிக்கொண்டு, எல்லாரும் கையை நன்றாகக் கழுவச் சொல்லிவிட்டுப் போனார்.

ஆறாம் நாள் அனுப்பிரியாவின் கண் மஞ்சளானது. அன்று மத்தியானமே பேச்சு குழறியது. தேனி பெரிய ஆஸ்பத்திரியில் பெண் குழந்தையை உயிரோடு எடுத்தார்கள். தாய் மூன்றாம் நாள் போய்விட்டாள். ஒரு வாரம் முந்திக் கொண்டுவந்திருந்தால் பார்த்திருக்கலாம் என்று டாக்டர் சொன்னபோது ராக்கையா தரையைப் பார்த்து நின்றார். வளைகாப்பில் அவளுக்கு வளையல் போட்ட கையாலேயே கோடித்துணி போர்த்தினார்.

முப்பதாம் நாள் காரியம் கழிந்த மறுநாள் காலையில் அக்கா வீட்டுக்குப் போனார். ஜக்கம்மாள் பேத்தியை மடியில் போட்டுப் பாட்டிலில் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"சாமிக்கு என்ன கொற வச்சேன்னே தெரியல தம்பி. பாரி அம்புட்டு நல்லா வந்துச்சே. வர்ற வருசமும் போடணும். இந்தப் பச்ச மண்ணாவது தங்கணும்ல. அந்தப் பத்து நாளும் நீ பௌடர நிறுத்திரு."

அதற்குமேல் அவரால் தாங்க முடியவில்லை.

"சாமி இல்லக்கா. தண்ணிதான். பௌடர் இல்லாம விட்ட அந்தப் பத்து நாள் தண்ணிதான்."

பிள்ளையின் வாயிலிருந்து பாட்டிலை எடுத்தாள் ஜக்கம்மாள். அழவில்லை, மாரில் அடித்துக்கொள்ளவும் இல்லை. நிறுத்தச் சொன்னது நான்தானே என்ற நினைப்பு அவள் முகத்தில் வந்து நின்றதை அவர் பார்த்தார். பிள்ளை பாலுக்காகச் சிணுங்கத் தொடங்கியது. அவள் அதைக் கவனிக்கவில்லை.

"அந்த ஆபீசரு வந்தாரே, அன்னைக்கு அவ நடமாடிக்கிட்டுத்தான இருந்தா?"

"ஆமாக்கா."

"ஒங்கிட்ட அவரு ஒண்ணும் கேக்கலயா?"

"கேட்டாரு."

"என்ன சொன்ன?"

"நோட்டுல இருந்ததச் சொன்னேன்."