வெட்டாத நகம்

டாக்டர் வேலப்பன் காலமானதை மல்லசமுத்திரம் பஸ் கண்டக்டர் சொன்னபோது, எனக்கு முதலில் வந்தது கோபம்தான். அவரிடம் ஒரு மனத்தாங்கல் இருந்தது. அது தீருவதற்குள் போய்விட்டார்.

இந்த இரங்கல் கூட்டத்தில் அவருடைய கனிவைப் பற்றி நீங்கள் பேசுகிறீர்கள். நான் கண்டது வேறு.

யுத்தத்துக்கு முந்தைய வருஷம் என் வலக்கை நகங்கள் மூன்று மஞ்சளித்துத் தடித்து, மாவாக உதிர்ந்தன. சக ஆசிரியர் ஒருவர் பெருநோய், குஷ்டம் என்று கிளப்பிவிட்டார். இன்றும் அவருக்கு நான் வணக்கம் சொல்வதில்லை. டாக்டர் சீட்டு இல்லாமல் வகுப்புக்கு வரக்கூடாது என்றார் நிர்வாகி.

நகங்களை ஒட்ட வெட்டி, எலுமிச்சை தேய்த்துக் கழுவிக்கொண்டு வேலப்பனிடம் போனேன்.

“ஏனுங்க வாத்தியாரே, நகத்தை எங்க உட்டுட்டு வந்தீங்க?”

“அழுக்குக் கையோட டாக்டர்கிட்ட எப்படிங்க வாரது?”

“திருட்டுப் போன ஊட்டைக் கழுவி உட்டுட்டு, திருடன் காலடியைத் தேடச் சொல்றீங்களே!”

காத்திருந்தவர்கள் சிரித்தார்கள். பெருநோயில் மரத்துப்போவதுபோல் மரத்திருக்கிறதா என்று பார்க்க, கண்ணை மூடச் சொல்லி விரல்களைப் பஞ்சால் தொட்டார். தொட்ட இடமெல்லாம் சொன்னேன். மிச்ச நகத்தைச் சுரண்டி, நகத்தைக் கரைக்கும் காரநீரில் ஊறவைத்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தார். ஒன்றும் இல்லை.

“பெருநோய் இல்லீன்னு எழுதிக் குடுங்க.”

“இல்லீன்னு தோணுதுங்க. தோணறதை நான் எழுதறதில்லை. ஒரு மாசம் நகத்தை வெட்டாம வாங்க.”

அந்த மாதம் முழுவதும் கடைக்காரர் சாமானை என் கையில் தராமல் பலகையில் வைத்தார். ஒரு வரி எழுதியிருக்கலாம்.

மறுமுறை நகத்தின் அடியில் ஆழமாகச் சுரண்டினார். கொஞ்ச நேரத்தில், “வாத்தியாரே, ஓடியாங்க!” என்று கூவினார். குனிந்து பார்த்தேன். பளிங்குச் செதில்களுக்கு நடுவே கிளைவிட்ட மெல்லிய நூல்கள் ஓடின. என் விரலுக்குள் இப்படியொரு காடா?

“காளானுங்க. ஊறுகாய்ல பூக்குதே, அதுக்குப் பங்காளி. நல்லா வெள்ளாமை பண்ணியிருக்கீங்க!”

என்னையறியாமல் சிரித்துவிட்டேன். பெருநோய் இல்லை என்று அன்றே எழுதியிருந்தால் என்ன என்று கேட்டேன்.

“அடுத்த மாசம் நகம் மறுபடி தடிச்சிருக்கும். அப்புறம் என் சீட்டை எவன் நம்புவான்?”

சீட்டும் களிம்பும் கொடுத்தார். களிம்பில் இரண்டு நகங்கள் தேறின. கட்டைவிரல் இன்றும் மஞ்சள்தான். அந்த மாதத்தை நான் மன்னிக்கவில்லை.

போன வாரம் அதே ஆசிரியர், நகம் மஞ்சளித்த பள்ளித் தோட்டக்காரர் மாரப்பனுக்குப் பெருநோய் என்று என் காதில் ஓதினார். “கண்ணால பாத்தீங்களா, இல்லை தோணுதுங்களா?” என்று கேட்டேன். மாரப்பனிடம், நகத்தை வெட்டாமல் வேலப்பனைப் போய்ப் பார்க்கச் சொன்னேன். மாரப்பனை பஸ் ஏற்றிவிட நின்றபோதுதான் கண்டக்டர் செய்தியைச் சொன்னார்.

டாக்டரிடம் கற்ற அந்தக் கேள்வி என்னிடம் இருக்கிறது. மைக்ராஸ்கோப் யாரிடம் இருக்கிறதென்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள். மாரப்பன் இன்னும் நகம் வெட்டவில்லை.