விலை போடாத புத்தகம்

கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே எனக்கு ஒரு செருப்புக் கடை. என் அத்தா வைத்த கடை. பள்ளிக்கூட வாசலில் கோணி விரித்துச் செருப்பு விற்றிருக்கிறேனே தவிர பள்ளிக்கூடத்துக்குள் நான் போனதில்லை. செருப்பின் அடியில் இருக்கும் நம்பரும் விலையும் படிக்க வரும். எழுத்து வராது. அதனால் இதை நான் சொல்லச் சொல்ல என் மகள்தான் போனில் தட்டுகிறாள். நடுநடுவே "இது எதுக்கு அத்தா" என்கிறாள். சொன்னபடியே போடம்மா என்கிறேன். அவள் புத்தகத்தைப் பற்றித்தான் சொல்லப் போகிறேன், அவளுக்கு அது பிடிக்கவில்லை.

மகள் அரசு கல்லூரியில் தாவரவியல் நடத்துகிறாள். கௌரவ விரிவுரையாளர் என்று பெயர். கௌரவம் பெயரில் இருக்கிறது. வருஷா வருஷம் கோடையில் வீட்டுக்கு அனுப்பிவிட்டு, ஜூனில் திரும்பக் கூப்பிட்டால் உண்டு.

அவளிடம் படிக்கிற பிள்ளைகளில் பாதிப்பேர் கல்வராயன் மலையிலிருந்து இறங்கி வருகிறவர்கள். மலைக்காரர்களை எனக்குக் காலிலிருந்து தெரியும். விரல் விரிந்த பாதம். கடைச் செருப்பு எதுவும் முன்பக்கம் சேராது. அத்தா காலத்தில் லாரி டயரை வெட்டி அவர்களுக்கென்று அகலமாகச் செய்து கொடுப்பார். இப்போது எல்லாம் அச்சில் வருகிற செருப்பு, அதில் அந்தக் கால்களுக்கு அளவு இல்லை. பிள்ளைகள் விரலை மடக்கிக்கொண்டு நடக்கிறார்கள். பாடப் புத்தகமும் அப்படித்தான் என்று மகள் சொல்வாள். எங்கோ குளிர்தேசத்து மரத்தைப் போட்டிருப்பார்களாம். விலையும் ஜாஸ்தி. வாங்க முடியாத பிள்ளைகள் நோட்ஸை நகல் எடுத்து, நகலை நகல் எடுத்து, கடைசியில் இலை எது பூ எது என்று தெரியாத கருப்புத் தாளை வைத்துக்கொண்டு படிக்கும்.

அப்போதுதான் பல்கலைக்கழக நூலகத்திலிருந்து ஒரு மானியம் வந்தது. மானியம் என்றால் எனக்குத் தெரிந்தது உரத்துக்கும் சொட்டுநீர்க் குழாய்க்கும் கொடுப்பது. புத்தகம் எழுதவும் கொடுப்பார்கள் என்று அன்றைக்குத்தான் தெரியும். வாத்தியாரே பாடப் புத்தகம் எழுதி இணையத்தில் போட வேண்டும். யார் வேண்டுமானாலும் காசில்லாமல் படிக்கலாம், நகல் எடுக்கலாம், அச்சும் அடிக்கலாம். எழுதியவர் பெயரை மட்டும் போட வேண்டும். அதை வகுப்பில் பிள்ளைகள் உண்மையாகவே படிக்கிறார்கள் என்று காட்டினால் மானியத்தின் இரண்டாம் பாதி வரும். அந்தப் பாதியில், போன் இல்லாத மலைப் பிள்ளைகளுக்கு அச்சடித்த புத்தகமே கொடுத்துவிடலாம். என் மகளுக்கு அந்த இரண்டாம் பாதிதான் கணக்கு. முதல் பாதி அதற்கு வழி.

ஒரு வருஷம் எழுதினாள். உதாரணம் எல்லாம் மலை மரங்கள். வெள்ளிமலை பஸ்ஸில் நானும் கூடப் போவேன். அவள் மரத்தைப் பார்ப்பாள், நான் நிழலில் உட்காருவேன். ஒருநாள் சும்மா இருக்காமல் ஒரு கடுக்காய்க் கொப்பை ஒடித்துக் கொடுத்தேன். ஒரு இலையில் பூச்சி தின்ற ஓட்டை. "நல்லதா ஒண்ணு பறிக்கக் கூடாதா அத்தா" என்றாள். ஆனாலும் அதையே வைத்துப் படம் வரைந்தாள், ஓட்டையையும் சேர்த்து. கடையில் செருப்புப் பெட்டி அடுக்குகிற பலகையில்தான் அந்த இலை காய்ந்தது.

புத்தகம் முடிந்த அன்று சந்தோஷத்தில் கல்லூரி வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுவிட்டாள். மறுநாள் பார்த்தால், கடுக்காய்ப் படத்தின் கீழே தான்றிக்காய் என்றும் தான்றிக்காய்ப் படத்தின் கீழே கடுக்காய் என்றும் பெயர் மாறி இருக்கிறது. உடனே இணையத்தில் இருந்ததைத் திருத்தினாள். "அச்சடிச்ச புக்கா இருந்தா இப்டித் திருத்த முடியுமா அத்தா" என்று அவளுக்குப் பெருமை. குரூப்பில் திருத்தியதையும் போட்டாள். ஆனால் அதற்குள் முதலில் போட்டது எங்கெங்கோ போய்விட்டது.

பெயர் வைப்பதில்தான் கதை கெட்டது. இந்த மாதிரிப் புத்தகத்துக்குத் திறந்தநிலைப் பாடநூல் என்று பெயராம். கல்லூரியில் அதற்கு ஒரு விழா வைத்தார்கள், அழைப்பிதழில் அந்தப் பெயரைப் படித்துவிட்டு ஆபீஸ் கிளார்க் ஒருவர் சிரித்திருக்கிறார்.

"தொறந்த புத்தகம்னா இன்னா மேடம்? அட்டை இல்லாத புத்தகமா?"

"யாருக்கும் பூட்டு இல்லன்னு அர்த்தம் சார்."

"ஜனங்களுக்குப் புரியற மாதிரி போடலாம் மேடம். விலையில்லா பாடநூல் வழங்கும் விழா. எப்டி?"

விலையில்லா சைக்கிள், விலையில்லா லேப்டாப், விலையில்லா ஆடு, மிக்சி. எல்லோருக்கும் தெரிந்த சொல். பொய்யும் இல்லை. மகளும் சரி என்றாள். மலைப் பிள்ளைகள் போய் வீட்டில் சொன்னார்கள்.

விழாவன்று நான் கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டுப் போனேன். பந்தலில் பிள்ளைகளைவிடப் பெற்றவர்கள் ஜாஸ்தி. முதல் பஸ்ஸிலேயே இறங்கியிருக்கிறார்கள். ஆளாளுக்குக் கையில் ஒரு பை. பைக்குள் ரேஷன் கார்டு, ஆதார் நகல், பிள்ளையின் போட்டோ. விலையில்லாதது வாங்க அதெல்லாம் வேண்டும் என்று அவர்களுக்குப் பழக்கம். கட்டைப்பை கொண்டுவந்தவர்களும் உண்டு, எத்தனை புத்தகமோ என்று.

மேடையில் ஒரு பேனர். அதில், பணம் அனுப்பக் கடைகளில் ஒட்டியிருக்கிற மாதிரி ஒரு பெரிய கறுப்புக் கட்டம். போனில் அந்தக் கட்டத்தைப் படம் பிடித்தால் புத்தகம் போனுக்குள் வந்துவிடும் என்றார்கள். என் கடைக்கு வருகிற மலைக்காரர் ஒருவர் பக்கத்தில் இருந்தார். கச்சிராயபாளையம் சந்தைக்குக் கடுக்காய் கொண்டுவருகிறவர், மகள் இரண்டாம் வருஷம் படிக்கிறது. பட்டன் போனை எடுத்துக் கட்டத்துக்கு நேராகக் காட்டிக்கொண்டு நின்றார்.

"பாய், எம்மா நேரம் காட்டணும்?"

"இந்த போன்ல வராதுங்க."

"அப்ப கையில குடுக்க மாட்டாங்களா?"

"அப்புறமா அடிச்சுக் குடுப்பாங்க."

"அப்புறமான்னா எப்போ? கார்டெல்லாம் கொண்டாந்துக்கிறோமே."

பின்னாலிருந்து ஒரு அம்மா சொன்னது: "புத்தகமும் இல்ல ஒண்ணும் இல்ல, பொம்மைய காட்டி அனுப்பறாங்க. வந்ததெல்லாம் எவன் வூட்டுக்குப் போச்சோ." அது மேடைக்கும் கேட்டது. மகள் மைக்கில் விளக்கப் பார்த்தாள். விளக்க விளக்க இன்னும் சந்தேகம் ஜாஸ்தியானது. போன் இருந்த பிள்ளைகள் எல்லோரும் ஒரே நேரத்தில் பிடித்ததில் நெட்டும் நின்றுபோனது. மலைக்குப் போனால் சிக்னலே கிடையாது. மத்தியான பஸ்ஸுக்கு எல்லோரும் பையை மடித்துக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். அதற்குப் பிறகு அந்தப் புத்தகத்தின் பேரைச் சொன்னாலே பிள்ளைகள் சிரிக்கிறார்கள் என்று மகள் சொன்னாள்.

சில மாதம் போயிருக்கும். அதே மலைக்காரர் மகளுக்குச் செருப்பு வாங்க வந்தார். பெஞ்சில் பையை வைத்தார். பையிலிருந்து ஒரு புத்தகம் எட்டிப் பார்த்தது. மஞ்சள் அட்டை, வழுவழு என்று.

"பாப்பாவுக்கு கைடு வாங்கினேன் பாய். இப்ப எல்லாப் புள்ளைங்களும் இதத்தான் வாங்குதுங்க. நல்லா போட்டுக்கிறானாம்."

சும்மா புரட்டினேன். எழுத்து எனக்கு வராது. ஆனால் ஒரு பக்கத்தில் ஒரு இலை, அதில் பூச்சி தின்ற ஓட்டை. என் பலகையில் காய்ந்த இலை. பின்னட்டையைத் திருப்பினேன். அதில் எனக்குப் படிக்க வந்தது விலை ஒன்றுதான்.

மகளுக்கு ஒன்று வாங்கிப் போய்க் கொடுத்தேன். முதலிலிருந்து கடைசிவரை புரட்டினாள்.

"எல்லாம் நம்ம புக்குதான் அத்தா."

"போலீசுக்குப் போலாமா?"

"எதுக்கு? யார் வேணா அச்சடிக்கலாம்னு நான்தான் எழுதிக் குடுத்துக்கிறேன்."

"ஒம் பேரு போட்டுக்கிறானா?"

"இல்ல." இலைப் படம் இருந்த பக்கத்தைத் திரும்பப் பிரித்து, "குரூப்ல போட்டத எடுத்துக்கிறான். கடுக்காயும் தான்றியும் மாறியே இருக்கு" என்றாள்.

கைடுக்காரனிடம் பேசப் போனாள். மூன்றாம் கை, நான்காம் கையாக யாரோ அனுப்பியது, யார் எழுதியது என்று தெரியாது, அடுத்த பதிப்பில் பார்க்கலாம் என்றானாம். நூலகத்துக்கும் எழுதினாள். பிள்ளைகள் படிப்பது என் புத்தகத்தைத்தான், வேறு அட்டையில் படிக்கிறார்கள் என்று. விலை போட்டு விற்கிற கைடை மானியப் புத்தகமாகக் கணக்கில் எடுக்க முடியாது, இணையத்தில் உங்கள் பக்கத்தை யாரும் திறப்பதாகத் தெரியவில்லை என்று பதில் வந்தது. இரண்டாம் பாதி அதோடு நின்றது.

வகுப்பில் அந்தப் படத்தைத் திருத்திச் சொல்லியிருக்கிறாள். பிள்ளைகள் கைடைப் பார்த்தார்களாம், அவளைப் பார்த்தார்களாம். ஒருவரும் பேனா எடுக்கவில்லை.

கோடைக்கு முன்னால் உள்தேர்வு. கடுக்காய்ப் படம் வந்தது. அந்த மலைக்காரரின் பெண் தான்றிக்காய் என்று எழுதியிருந்தது. மகள் கூப்பிட்டுக் கேட்டிருக்கிறாள்.

"உங்க வூட்ல மூட்டை மூட்டையா பொறுக்கறீங்க. ஒனக்குத் தெரியாதா எது கடுக்காய்னு?"

"தெரியும் மேடம்."

"அப்ப ஏன் இப்டி எழுதின?"

"கைடுல அப்டித்தான் மேடம் போட்டுக்கிறான். எங்கப்பா காசு குடுத்து வாங்கினு வந்தாரு. தப்பா போட்டா விப்பானா?"

வீட்டுக்கு வந்து இதைச் சொன்னபோது அவள் அழவில்லை. விடைத்தாள் கட்டைத் திரும்பப் பிரிக்காமல் மேஜைமேல் வைத்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தாள். ஜூன் வந்து போய்விட்டது. கல்லூரியிலிருந்து இன்னும் கூப்பிடவில்லை. இப்போது பகலில் கடையில் என்னோடு இருக்கிறாள்.

இதுவரை சொன்னதைத் தட்டி முடித்தாள். "அந்தப் பொண்ணுக்கு மார்க் போட்டியாம்மா?" என்று கேட்டேன்.

"அடுத்தது சொல்லுங்க அத்தா" என்றாள்.

அடுத்தது ஒன்றும் இல்லை.