பவர் ஸ்டீயரிங் இல்லாத வண்டி

அப்பாவின் சாவுக்கு அம்மா ஒரு காரணம் வைத்திருந்தாள். ஓமத் தண்ணீர். துக்கம் கேட்க வந்த ஒவ்வொருவரிடமும் அதையே சொன்னாள். செவ்வாய்க்கிழமை காலையில் நெஞ்சு கரிக்கிறது என்றாராம். முந்தின நாள் மொச்சைக் குழம்பு, வாயுவாகத்தான் இருக்கும் என்று ஓமத்தைக் கொதிக்கவைத்துக் கொடுத்தாளாம். குடித்துவிட்டு, ஏப்பம் விட்டு, வண்டியை எடுத்துக்கொண்டு உப்பளத்துக்குப் போனார். ஒன்பதரை மணிக்கு எஞ்சின் கொட்டகையில் விழுந்து கிடந்தார்.

"ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டியவரை ஓமத்தைக் குடுத்து வேலைக்கு அனுப்பிச்சிட்டேன்" என்று முடிப்பாள். வந்தவர்கள் தலையாட்டுவார்கள். அப்படியில்லை என்று யாரும் சொல்லவில்லை.

மீதிக் காரணம் எனக்குத் தெரியும். பதினாறாம் நாள் காரியம் வரை நான் அதை அவளிடம் சொல்லவில்லை.

அப்பா பெயர் தட்சணாமூர்த்தி. வயது ஐம்பத்தெட்டு. மரக்காணத்து உப்பளங்களில் டீசல் எஞ்சின் மெக்கானிக். பாத்திகளுக்கு உப்புத் தண்ணீர் இறைக்கும் எஞ்சின்கள் பதினொன்று அவர் பொறுப்பில் இருந்தன. எல்லாம் ஒரே மாடல். ஆனால் எந்த எஞ்சினை யார் ஓட்டுகிறார்கள் என்பதைச் சத்தத்தை வைத்தே சொல்வார். கோபம் வந்தால் பேசமாட்டார். ஸ்பேனர்களை அளவு வாரியாக அடுக்க ஆரம்பித்துவிடுவார். டீக்கு மூன்று கரண்டி சர்க்கரை. மருத்துவமனை என்றால் மட்டும் அவருக்கு எப்போதும் எஞ்சின் வேலை இருக்கும்.

நான் அருள்மொழி, அவருடைய ஒரே பெண். ஓரகடத்தில் ஒரு வாகனச் சோதனைக்கூடத்தில் வேலை. ஸ்டீயரிங் பிரிவு. சக்கரத்தைத் திருப்ப ஓட்டுபவர் கையில் எவ்வளவு விசை வேண்டும் என்று அளப்பதுதான் தினமும் செய்வது.

நாலு வருஷத்துக்கு முன்னால் அப்பா கால் உடைந்து வீட்டில் கிடந்தபோது, என்னோடு உட்கார்ந்து முதன்முதலாக ஒரு ஃபார்முலா ஒன் பந்தயம் பார்த்தார். கடைசிவரை பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"முன்னால போறவன் நல்லா ஓட்டுறானா, இல்ல அவன் வண்டி நல்ல வண்டியா?"

ஒவ்வொரு அணியும் தன் காரைத் தானே வடிவமைக்கிறது, அதுதான் அந்தப் போட்டியின் அழகு என்று விளக்கினேன். அவர் ஏற்கவில்லை. மறுநாள் அவருடைய போன் தானாகவே இண்டிகார் என்ற அமெரிக்கப் பந்தயத்தைக் காட்டியது. எல்லா அணிக்கும் ஒரே கம்பெனி செய்த உடல். எஞ்சின் இரண்டே கம்பெனி. அப்பா கட்சி மாறிவிட்டார்.

அதிலிருந்து வாரம் ஒருமுறை போனில் சண்டை. அமெரிக்காவில் ஒரே வருஷம், ஒரே பாதையில் இரண்டு போட்டியும் நடந்தன. ஒரு சுற்றுக்கு ஃபார்முலா ஒன் பதினாலு விநாடி முன்னால் வந்தது என்றேன். முட்டை வடிவப் பாதையில் இண்டிகார் மணிக்கு முந்நூற்று எழுபது கிலோமீட்டருக்கு மேலே சராசரியாகப் போகிறதே, உன் வண்டி அங்கே வருமா என்று கேட்டார். இண்டிகாரில் பந்தயத்தின் நடுவில் வண்டியை நிறுத்தி எரிபொருள் ஊற்றுவது அவருக்குப் பெரிய மகிழ்ச்சி. ஃபார்முலா ஒன்னில் அதை எப்போதோ நிறுத்திவிட்டார்கள் என்றதும், "பசிக்காத வண்டி என்ன வண்டி" என்றார். பாத்தியில் உப்பு வாரும் மரியதாஸ் அவருக்கு நெடுநாள் கூட்டாளி. அப்பாவும் பெண்ணும் அமெரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்கும் சண்டை போடுகிறார்கள், இரண்டு பேருக்கும் ஸ்கூட்டரை ஒழுங்காக நிறுத்தத் தெரியாது என்று ஊரெல்லாம் சொல்லிவைத்திருந்தார்.

பெரிய சண்டை ஸ்டீயரிங் பற்றியது. ஃபார்முலா ஒன்னில் பவர் ஸ்டீயரிங் உண்டு. இண்டிகாரில் இல்லை, முழுக்கக் கை பலம். பந்தயம் முடிந்து ஓர் ஓட்டுநர் உரிந்துபோன உள்ளங்கையைக் காட்டும் வீடியோவை அனுப்பிவைத்தார். எவ்வளவு கனக்கும், உன் மிஷினில் கணக்குப் போட்டுச் சொல்லு என்று கேட்டுக்கொண்டே இருந்தார். போடுகிறேன் என்றேன். போட்டால் அவர் பக்கம் போய்விடும் என்று தெரியும். தள்ளிப்போட்டேன்.

மே மாதத்தில் இரண்டு போட்டிக்கும் பெரிய பந்தயம் ஒரே ஞாயிற்றுக்கிழமை வந்தது. அந்த ஞாயிறுக்குப் பத்து நாள் முன்னால், வியாழக்கிழமை மத்தியானம், கூப்பிட்டார்.

"இன்னிக்கு எஞ்சினைக் கிளப்ப ஹேண்டில் சுத்தறப்ப இடது கை அப்படியே கனத்துப்போச்சும்மா. தோள்ள இருந்து விரல் வரைக்கும். இண்டி வண்டி ஓட்டுறவனுக்கு இப்படித்தான் இருக்கும்போல."

நான் சிரித்தேன்.

"அதுக்குத்தான் பவர் ஸ்டீயரிங் வேணும்ன்றேன். பேசாம என் கட்சிக்கு வந்துடுப்பா."

அவரும் சிரித்தார். டீ ஆறிவிடும் என்று போனை வைத்துவிட்டார். நாற்பது விநாடி. போனில் பதிவு இருக்கிறது.

கையில் ஏறும் கனத்தை அளப்பது என் தொழில். யாராவது வேறொருவர் இதே வாக்கியத்தைச் சொல்லியிருந்தால், எந்தக் கை, எவ்வளவு நேரம், வியர்த்ததா என்று கேட்டிருப்பேன். அவர் சொன்னதால் அது பந்தயச் சண்டையின் அடுத்த வரியாகிவிட்டது.

ஐந்தாம் நாள், செவ்வாய். இறந்துவிட்டார். அந்த ஞாயிற்றுக்கிழமைப் பந்தயங்கள் இரண்டையும் நான் பார்க்கவில்லை.

காரியம் முடிந்த மறுநாள் மரியதாஸ் அப்பாவின் ஸ்பேனர் பையைக் கொண்டுவந்தார். உள்ளே வரவில்லை. வாசலிலேயே நின்று என்னிடம் பேசினார். அந்த வியாழக்கிழமை அப்பா கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்ததை அவர் பார்த்திருக்கிறார். ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டு வரலாம் என்று கூப்பிட்டிருக்கிறார்.

"வரலை. பொண்ணுகிட்ட சொல்லிட்டேன், அது சிரிக்குது, ஒண்ணும் இருக்காதுப்பான்னாரு" என்றார்.

அவருக்குத் தான் என்ன சொல்கிறோம் என்று தெரியாது. பையைக் கொடுத்துவிட்டுப் போனார். ஸ்பேனர்கள் அளவு வாரியாக இருந்தன.

அடுப்படியில் அம்மா அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். எதிரில் உட்கார்ந்தேன்.

"ஓமம் இல்லம்மா. அஞ்சு நாள் முன்னாடியே என்கிட்ட கை கனக்குதுன்னு சொன்னாரு. நான் சிரிச்சிட்டேன்."

முறம் நின்றது. என்ன சொன்னார், அதை அப்படியே சொல்லு என்றாள். சொன்னேன். இன்னொரு முறை கேட்டாள். ஹேண்டில், தோள், விரல், இண்டி வண்டி. ஒரு வார்த்தையும் விடாமல் சொன்னேன். என் பதிலையும் சொன்னேன்.

திட்டுவாள் என்று காத்திருந்தேன். அரிசியில் கிடந்த ஒரு கல்லைப் பொறுக்கி வெளியே போட்டாள்.

"எங்கிட்ட சொல்லவே இல்ல பாரு. சொன்னா கொட்டாய்க்கு விடமாட்டேன்னு தெரியும். உங்கிட்ட சொன்னா நீ தடுக்கமாட்டேன்னும் தெரியும்."

மறுபடி புடைக்க ஆரம்பித்தாள். கொஞ்சம் கழித்து, தலை நிமிராமல் கேட்டாள்.

"அந்த வண்டி நிஜமாவே அவ்ளோ கனக்குமா?"

அவர் இறந்த வாரமே கணக்குப் போட்டிருந்தேன். ஒவ்வொரு வளைவுக்கும்.

"கனக்கும்மா. அவரு சொன்னது சரிதான்."

சாயங்காலம் கிளியனூரிலிருந்து அம்மாவின் சித்தி மகள் சாமுண்டீஸ்வரி வந்தாள். பிரசவம் பார்க்கப் போயிருந்ததால் காரியத்துக்கு வர முடியவில்லை என்று அழுதாள். எப்படி ஆச்சுக்கா என்று கேட்டாள். நான் சுவரோரம் நின்றேன். அம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு ஆரம்பித்தாள். செவ்வாய்க்கிழமையிலிருந்து இல்லை, வியாழக்கிழமையிலிருந்து. ஓமம் கடைசியில்தான் வந்தது. நான் சிரித்தது அதில் வரவில்லை.

"சொல்லிக்கிட்டேதான் இருந்தாரு" என்றாள். "எங்களுக்குத்தான் புரியல."